டீச்சர் என்ன, பூச்சாண்டியா?

ஜூன் மாதத்தில், காலை ஒன்பது மணிக்கு, ஏதாவது ஒரு பாலர் பள்ளியின் வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு பயல் அம்மாவின் புடவைத் தலைப்பை விட மாட்டான். ஒரு சிறுமி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரையே கூட்டுவாள். உள்ளே டீச்சர், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்றுகொண்டிருப்பாள். நம் கண்ணெல்லாம் நம் குழந்தை மேல்தான். அந்த டீச்சரின் முகத்தை யார் பார்க்கிறோம்?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் இந்த வேலைக்குப் போய் ஆறு வருஷமாகிறது. "அழுகிற குழந்தைகளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, மாமி. பத்து நாளில் தானாக வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். 'சாப்பிடாவிட்டால் டீச்சரிடம் சொல்லிவிடுவேன்' என்று வீட்டிலே பயமுறுத்தி அனுப்புகிறார்களே, அந்தக் குழந்தை என்னிடம் ஒட்டுவதற்குத்தான் மாசக்கணக்கில் ஆகிறது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் பேரனிடம் நானே எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன்!

மூன்று வயசுக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்பது கட்டிடமா, பாடமா? இரண்டும் இல்லை, டீச்சர்தான். அவள் சிரித்தால் நல்ல இடம். அவள் சலித்துக்கொண்டால் மறுநாள் காலையில் குழந்தைக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

அவள் சலித்துக்கொள்ளாமல் இருக்க நாம் விடுகிறோமா? சேர்த்து மூன்று மாதம் ஆவதற்குள், "இன்னும் ஏ, பி, சி எழுத வரவில்லையே!" என்று சண்டைக்குப் போகிறோம். 1840-ல் ஜெர்மனியில் ஃபிராபல் கிண்டர்கார்ட்டன், அதாவது 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் வைத்தபோது, அவர் மனத்தில் இருந்தது பாட்டும் விளையாட்டும்தான். 1939-ல் நம் அடையாற்றுக்கே வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்த மாண்டிசோரி அம்மையார், குழந்தையைப் பொறுமையாகக் கூர்ந்து கவனிக்கச் சொன்னார். நாமோ நோட்டுப் புத்தகத்தில் எத்தனை பக்கம் நிரம்பியது என்று கேட்கிறோம்.

சம்பள விஷயம் வேறு. 1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில், மத்திய அரசு பணியாளருக்குக் கொடுக்கும் தொகைக்குப் பெயர் 'மதிப்பூதியம்'. சம்பளம் என்று சொல்லக்கூட மனம் வரவில்லை! அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 2022-ல். நடுவே 47 வருஷம்.

சம்பளத்தை உயர்த்துவது உங்கள் கையிலோ என் கையிலோ இல்லை. ஆனால் சாயங்காலம் குழந்தையை அழைத்து வரப் போகும்போது, "இன்றைக்கு என்ன எழுதினான்?" என்பதற்குப் பதிலாக, "உங்களை ரொம்பப் படுத்தினானா?" என்று டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து என் பேரன்கூடச் சிரித்துவிட்டான்.

பக்கத்து வீட்டுப் பெண், போன வருஷம் வேலையை விட்டுவிடுவதாகக் கடிதமே எழுதி எடுத்துப் போனாளாம். அன்றைக்குப் பார்த்து, ஜுரம் தெளிந்து வந்திருந்த ஒரு பொடியன் டிபன் டப்பாவைத் திறந்து, பாதி கடித்த முறுக்கை நீட்டி, "உங்களுக்குத்தான் வெச்சிருந்தேன், டீச்சர்" என்றானாம்.

கடிதம் இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது. கொடுக்கவும் இல்லை, கிழித்துப் போடவும் இல்லை.