சொட்டு மருந்தில் கரையுமா கண்புரை?

"ஆபரேஷன் இல்லாமலே கண்புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து வந்திருக்கிறதாமே, அம்மாவுக்கு வாங்கிப் போடலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அந்தப் பணத்தைப் பேருந்துக் கட்டணமாக்கி அம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 50 வயதைத் தாண்டிய பார்வையற்றவர்கள் சுமார் 3 கோடியே 36 லட்சம் பேர். இவர்களில் 1 கோடியே 52 லட்சம் பேரின் பார்வையைப் பறித்தது கண்புரை. கிளாகோமா எனும் கண் அழுத்த நோயால் பார்வை போனவர்கள் 36 லட்சம். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுப் பார்வை இழந்தவர்கள் 9 லட்சத்துக்கும் குறைவு. செயற்கை விழித்திரை, மரபணு சிகிச்சை என்று தலைப்புச் செய்திகள் வருகின்றன. பட்டியலின் உச்சியில் இருப்பதோ அரை மணி நேரத்துக்குள் சரிசெய்யக்கூடிய ஒரு கோளாறு.

கண்மணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் கலங்கிப்போவதுதான் கண்புரை. அந்த லென்ஸைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதில் ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஒளியை மறைக்கும். அதன் செல்கள் முதிரும்போது தம் உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் தாமே சிதைத்து அகற்றிவிடுகின்றன. மிஞ்சுவது கிரிஸ்டலின் என்ற புரதம் நிரம்பிய மெல்லிய இழைகள். லென்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். இவ்வளவு அடர்ந்த கரைசல் கலங்கித்தான் இருக்க வேண்டும். ஆனால் மூலக்கூறுகள் நெருக்கமாகவும் சீரான இடைவெளியிலும் அடைந்திருப்பதால், பக்கவாட்டில் சிதறும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நேரே செல்லும் ஒளி மட்டும் தப்பிப் பிழைக்கிறது. நெருக்கடிதான் தெளிவைத் தருகிறது!

இதற்கு ஒரு விலை உண்டு. உட்கரு இல்லாத செல்லால் புதிய புரதம் செய்ய முடியாது. புது இழைகள் வெளிப்புறத்தில் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. பழையவை நடுவில் அப்படியே தங்கிவிடுகின்றன. லென்ஸின் மையத்தில் இருப்பது நாம் பிறக்கும் முன்பே உருவான புரதம். 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பனின் சுவடு அதில் பதிந்திருப்பதால், இறந்தவரின் லென்ஸைக் கொண்டே பிறந்த ஆண்டைக் கணிக்கலாம் என்று 2008-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிரீன்லாந்து சுறா இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறது என்று 2016-ல் கண்டறிந்ததும் லென்ஸில் உள்ள கார்பனை வைத்துத்தான்.

புதுப்பிக்கப்படாத புரதத்துக்கு என்ன ஆகும் என்பதை அடுக்களையில் பார்க்கலாம். முட்டையின் வெள்ளைக்கருவும் தெளிந்த புரதக் கரைசல்தான். சூடு பட்டதும் புரதத்தின் மடிப்புகள் குலைந்து, ஒன்றோடொன்று சிக்கி, வெளுத்துவிடுகிறது. லென்ஸ் என்பது அறுபது ஆண்டு சிறுதீயில் வேகும் முட்டை. வெயிலின் புற ஊதாக் கதிர், புகையிலை, சர்க்கரை நோய், கட்டுப்பாடின்றி எடுக்கும் ஸ்டீராய்டு எல்லாம் தீயைத் தூண்டிவிடும் விறகுகள். சட்டியருகே ஒரு காவலாள் உண்டு: ஆல்ஃபா கிரிஸ்டலின். குலையத் தொடங்கும் புரதத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, கட்டியாகாமல் அது தடுப்பதை 1992-ல் ஜோசப் ஹார்விட்ஸ் காட்டினார். காவலாளுக்கு மாற்று ஆள் வருவதில்லை. நடுத்தர வயதிலேயே லென்ஸின் மையத்தில் அது பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. அப்புறம் முட்டை வேகத்தான் செய்யும். வெந்ததைப் பச்சையாக்க முடியாதா? 2015-ல் கலிஃபோர்னிய வேதியியலாளர்கள் வெந்த வெள்ளைக்கருவிலிருந்து ஒரு புரதத்தை மீட்டே காட்டினார்கள். அதற்கு யூரியாவில் கரைத்து, கருவியில் வேகமாகச் சுழற்ற வேண்டியிருந்தது. உயிருள்ள கண்ணில் அது நடக்காது.

சொட்டு மருந்துக் கதைக்கும் வேர் 2015தான். லானோஸ்டீரால் என்ற பொருள் நாய்களின் கண்புரையைக் குறைத்ததாக 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது, உலகமே கொண்டாடியது. அறுவையில் அகற்றிய மனிதப் புரைகளை அதே பொருளில் ஊறவைத்துப் பார்த்தவர்கள் எந்த மாற்றத்தையும் காணவில்லை. 2019-ல் வெளியான இன்னோர் ஆய்விலும் லென்ஸ் தெளியவில்லை. கடைகளில் விற்கும் இன்னொரு பொருளான என்-அசிடைல் கார்னோசினுக்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்பது 2017-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு. கொண்டாடியவர்கள் இதையெல்லாம் எழுதவில்லை. எழுதியிருந்தால் உங்கள் கேள்வியே எழுந்திருக்காது.

ஆக, வழி அறுவைதான். அதன் வரலாறு சுருக்கமானது. பண்டைக்காலத்தில் ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிட்டார்கள். 1747-ல் பிரான்ஸின் ழாக் தாவியேல் அதை வெளியே எடுத்தார். 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி செயற்கை லென்ஸைப் பொருத்தினார். அந்த லென்ஸின் விலை நெடுங்காலம் ஏழைகளுக்கு எட்டவில்லை. அந்தத் தடையை உடைத்தது மதுரை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் மூலம் லென்ஸைத் தானே தயாரிக்கத் தொடங்கியது. உலகச் சந்தையில் அதன் விலை பல மடங்கு சரிந்தது. என் கணக்கில் கண்புரைக்கு எதிரான மிகப் பெரிய கண்டுபிடிப்பு இந்த விலைக் குறைப்புதான்.

பிறகும் ஏன் ஒன்றரைக் கோடிப் பேர்? மருத்துவமனை தொலைவில் இருக்கிறது. துணைக்கு வர ஆளில்லை. வயதாகிவிட்டதே, இனி என்ன என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். உலகப் பார்வையற்றோரில் 55 சதவீதம் பெண்கள். அவர்கள் நீண்ட காலம் வாழ்வது ஒரு காரணம். அவர்களின் சிகிச்சைக்குக் குடும்பத்தில் முறை கடைசியாக வருவது இன்னொரு காரணம்.

"புரை முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற பழைய பேச்சை நம்பாதீர்கள். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகிவிட்டால் அதுவே அறுவைக்கான நேரம். முற்றவிட்டால் அறுவை கடினமாகும், கண் அழுத்தமும் ஏறலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டை இன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் அம்மாவை இந்த வாரமே அழைத்துப் போங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் துணையில்லை என்றால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.