செம்பில் மொண்ட காவிரி

ஆடியில் காவிரியில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது, திருச்சி அம்மா மண்டபம் படித்துறையில் ஒரு செம்பு மொண்டு வையுங்கள். மணல் சில நொடிகளில் அடியில் படிந்துவிடும். கலங்கல் மட்டும் சாயங்காலம் வரை அப்படியே நிற்கும்.

எல்லாம் துகளின் அளவு செய்யும் வேலை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குள்ள மணல், நொடிக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இறங்கும். ஆயிரத்தில் ஒரு பங்கேயுள்ள களித்துகளோ, அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்கவே பத்து நாளாகும். இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851-இல் சொன்ன கணக்கு இது. போதாததற்கு, களித்துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். நம் பாட்டிமார் மண்பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசியது இந்தத் துகள்களை ஒன்றுசேர்க்கத்தான். கொட்டையிலிருந்து கரையும் நீண்ட மூலக்கூறுகள் துகள்களைப் பிணைக்கும். திரண்டது கனத்து இறங்கும். பழையாறில் காவிரியின் கிளையான கொள்ளிடம் கடலைத் தொடும்போது இதே வேலையைக் கடலுப்பு செய்கிறது.

இந்தக் களி வெறும் மண்ணாக வருவதில்லை. ஒரு கிராம் களியின் துகள்களுக்குப் பத்து சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருக்கக்கூடும். ஈயம், துத்தநாகம், பூச்சிமருந்து எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். களி படிந்தால் கூடவே படியும். படிந்ததோடு தொல்லை விட்டது என்று இருந்துவிட முடியாது. சாக்கடை கலக்கும் உய்யக்கொண்டான் வாய்க்காலின் சேற்றைக் கிளறினால் கறுப்பாக எழும்பி, அழுகிய முட்டை வாடை அடிக்கும். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன என்பதற்கு அடையாளம் அது. அந்த நிலையில் சேற்றிலுள்ள இரும்புத் துரு கரையும். துருவைப் பற்றியிருந்த பாஸ்பேட் தண்ணீருக்குத் திரும்பி ஆகாயத்தாமரைக்கு உரமாகும்.

இத்தனைக்கும் நடுவில் நமக்குக் காவலாக இருப்பது ஆற்றுமணல். திருச்சிக்குக் குடிநீர் தரும் பெரிய கிணறுகள் காவிரி, கொள்ளிடம் மணற்படுகையில்தான் இருக்கின்றன. மணலுக்குள் ஊறி வரும் தண்ணீரிலுள்ள நுண்துகளும் கிருமியும் பெருமளவு மணல்மணிகளில் ஒட்டி நின்றுவிடும். மணலை அள்ளுகிறவர்கள் அள்ளுவது ஊரின் வடிகட்டியை.

அம்மா மண்டபத்தில் சடங்கு முடித்து ஆற்றில் விடும் துணி இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தது. அது பருத்திபோல மட்காது; நார்நாராகப் பிய்ந்து களியோடு களியாக மிதக்கும். அடுத்த முறை முழுகி எழுந்ததும், அந்தத் துணியைக் கரையிலேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.