உடலுக்கு இயைந்த ஊர்தி

கருவியை மாந்தரின் உடலளவுக்கும் புலன்களின் இயல்புக்கும் இயைய அமைக்கும் துறையே பணிச்சூழலியல். பழைய விரைவு மகிழுந்தைப் புதுக்குவோர் அதன் பொறியையும் வண்ணப் பூச்சையும் பேணும் அளவுக்கு உள்ளறையைப் பேணுவதில்லை. ஆனால், ஓட்டுநரின் கையும் காலும் கண்ணும் இடையறாது உறவாடுவது உள்ளறையோடுதான்.

உள்ளறை உறுப்புகள் மூவகைப்படும். திருப்புவளையம், பல்லிணைக்கோல், முடுக்கி, நிறுத்தி, உரசிணைப்பி ஆகியவை ஆள்வன, விரைவுகாட்டியும் எரிநெய்காட்டியும் காட்டுவன, இருக்கை தாங்குவது. பட்டறையில் ஸ்டீயரிங், கியர், ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச் என வழங்குவனவே ஆள்வன. உரசி இணைப்பது உரசிணைப்பி, முடுக்குவது முடுக்கி எனத் தமிழ்ப்பெயர் தன் தொழிலைத் தானே உரைக்கிறது.

ஆள்வனவற்றை அமைக்கும் நெறிகள் இரண்டு. முதலாவது, எட்டும் நெறி. 1954இல் அமெரிக்க உளவியலறிஞர் பால் ஃபிட்ஸ் இதை வகுத்தார்: குமிழின் தொலைவு இருமடங்கானால் கை அதை அடையும் நேரம் ஒரு படி கூடும், குமிழின் அகலம் இருமடங்கானால் அதே ஒரு படி குறையும். இரண்டாவது, தொட்டறியும் நெறி. இரண்டாம் உலகப் போரில் பி-17 வானூர்தியின் உருளிகளை மடக்கும் சொடுக்கியும் இறக்கைமடலை (ஃபிளாப்) இயக்கும் சொடுக்கியும் ஒன்றுபோலவே அருகருகே இருந்ததால், தரையிறங்கிய பின் வானோடிகள் மாற்றி இயக்கினர். உளவியலறிஞர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் ஒன்றுக்கு உருளி வடிவும் மற்றதற்கு ஆப்பு வடிவும் கொடுக்க, விரல்களே வேறுபாட்டை அறிந்தன.

காட்டுவனவற்றுக்கும் ஏற்ற இடம் வேண்டும். சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் உருவாக்கிய ஹெரால்டு மகிழுந்துக்கு இங்கிலாந்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு. ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி 1962இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் விரைவு மகிழுந்தே அது. இடவோட்டு, வலவோட்டு இரண்டுக்கும் பொருந்துமாறு அதன் காட்டிகள் முகப்பின் நடுவில் இருந்தன. 1970இல் வந்த நான்காம் படிவத்தில்தான் அவை ஓட்டுநரின் கண்முன் இடம்பெயர்ந்தன. செய்தவர்களே திருத்திக்கொண்ட ஒன்றை, பழைய ஊர்தியை வைத்திருப்பவர் திருத்துவது பிழையாகாது.

புதுச்சேரியின் வட எல்லையில், கனகசெட்டிக்குளத்தை ஊடறுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் ஊர்தி ஓட்டுவதை எண்ணுக. மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். எதிரே பேருந்து வருகையில் முகப்பொளியைத் தாழ்த்தவேண்டும். பழைய அம்பாசடரில் அதற்குரிய அழுத்தி தரையில், உரசிணைப்பிக்கு இடப்புறம் இருந்தது. இடக்கால் ஒன்றே இரு வேலைகளுக்கும் ஓடவேண்டும். அதைத் திருப்புவளையத்தின் கீழ் விரல்தொடும் கோலாக மாற்றினால் கை வளையத்தை விட்டு அகலாது, காலும் தன் வேலையிலேயே நிற்கும். விளக்கின் பெருமின்னோட்டத்தை இடைமாற்றி (ரிலே) ஏற்றுக்கொள்ள, சொடுக்கியில் சிறுமின்னோட்டமே பாயும். அதனால் மெல்லிய கோலே போதும்.

இம்மாற்றங்களுக்கு முன் செய்யவேண்டுவது அளத்தல். இந்தியரின் உடலளவுகளைத் தொகுத்துத் தேப்குமார் சக்ரவர்த்தி எழுதிய நூலை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்டது. அதனோடு உங்கள் கைந்நீளத்தையும் கால்நீளத்தையும் ஒப்பிட்டு, அதன்பின் துளையிடுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளைப் பெயரெழுதிப் பேணுங்கள். செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் தமிழில் குறித்துவையுங்கள். அடுத்து அவ்வூர்தியைத் தொடும் கைக்கு அக்குறிப்பே ஆசானாகும்.