பழைய நாற்காலிக்குப் புது மெத்தை

வீட்டிலுள்ள மெத்தை நாற்காலி அமுங்கி, துணி கிழிந்து, பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கினால், "இனி இது விறகுக்குத்தான்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் கெட்டுப்போனது மெத்தைதானே தவிர நாற்காலி அன்று. தேக்கிலோ, பலாவிலோ, அயினியிலோ செய்த சட்டம் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். மெத்தை தேய்வது இயல்பே. அதைச் சிறு செலவில் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

வள்ளியாறு கடலோடு கலக்கும் நம் கடியப்பட்டணத்தில் மெத்தை விரைவில் கெடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. 'உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே தீர வேண்டும்' என்பார்கள். உப்புப் படிந்த பொருளும் அப்படித்தான். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இரும்பு துருப்பிடிக்கும் வினையும் வேகமாக நடக்கிறது. ஆணியும் ஸ்பிரிங்கும் துருவேறி, துணியைக் கறையாக்கி அரித்துவிடுகின்றன. கடையில் வாங்கும் ஃபோம் கூட ஈரத்தாலும் வெயிலாலும் நாளடைவில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

அப்படியானால் நமக்கு ஏற்றது எது? நம் தென்னை தரும் தும்புதான். அதில் லிக்னின் என்னும் பொருள் மிகுதி. அதனால் நார் விறைப்பாக இருக்கும், எளிதில் மட்காது. தொழிற்சாலைகளில் தும்பைக் கயிறாக முறுக்கி வைத்து, பிறகு பிரித்தெடுப்பார்கள். முறுக்கின் சுருள் நாரிலேயே தங்கிவிடுவதால், அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பும். அதன்மேல் ரப்பர்ப்பால் தெளித்துச் செய்வதே ரப்பர் தும்பு மெத்தை. தென்னை, ரப்பர் இரண்டுமே நம் குமரி மாவட்டத்தில் விளைபவை அல்லவா? இதிலிருந்து நமக்கொரு வழி கிடைக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய தேங்காய்நார்க் கயிற்றைப் பிரித்தால் சுருண்ட தும்பு காசில்லாமல் கிடைத்துவிடும். கடல்நீர் பட்ட கயிறானால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும்.

இனிச் செய்முறையைப் பார்ப்போம்.

முதலாவதாக, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, திருப்புளி, குறடு கொண்டு பழைய ஆணிகளைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியவற்றை ஒரு டப்பாவில் போடுவது நலம். பழைய உறையைக் கிழிக்காமல் எடுத்து வைத்தால் புதுத் துணி வெட்ட அதுவே அளவாகும். பிறகு சட்டத்தை வெயிலில் வைத்து, மூட்டைப்பூச்சியும் கரையானும் இல்லையா என்று பார்க்க வேண்டும். ஆடும் மூட்டுகளுக்கு மரப்பசை இட்டு, கயிற்றால் இறுகக் கட்டி ஒருநாள் காயவிட வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் மரம் பளிச்சிடும்.

இரண்டாவதாக, கட்டிலுக்குப் போடும் கெட்டி நாடாவைச் சட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாக, மேலும் கீழும் மாறி மாறிச் செல்லுமாறு பின்னி அடிக்க வேண்டும். வலை முடையப் பழகிய கைகளுக்கு இது எளிது. நாடாவின் முனையை இரண்டாக மடித்து ஆணி அடித்தால் பிய்யாது. ஆணிகளை ஒரே வரிசையில் அடித்தால் மரம் பிளக்கும். முன்னும் பின்னுமாக அடிப்பதே சரி. துருப்பிடித்த ஸ்பிரிங்கை நீக்கிவிட்டால், நாடாவைச் சட்டத்தின் அடியில் அல்லாமல் மேற்பக்கத்தில் அடிக்க வேண்டும். இல்லாவிடில் இருக்கை பள்ளமாகிவிடும்.

மூன்றாவதாக, நாடாவின்மேல் சுத்தமான சாக்கை விரித்து அடித்து, அதன்மேல் தும்பைப் பரப்ப வேண்டும். நடுவில் சற்று உயரமாக இருக்கட்டும். கட்டி தட்டாமல் கையால் கோதிவிட்டு, சணல் நூலால் சாக்கோடு ஆங்காங்கே தைத்துவிட்டால் தும்பு நகராது. நார் குத்தாதிருக்க மேலே பஞ்சு பரப்பி, காடாத்துணியால் இழுத்து மூட வேண்டும்.

கடைசியாக மேலுறை. இருக்கை 18 அங்குலச் சதுரம், மெத்தையின் உயரம் 2 அங்குலம், அடியில் மடிக்க 2 அங்குலம் என்று கொண்டால், இருபுறமும் சேர்த்து 26 அங்குலச் சதுரத் துணி வேண்டும். முதலில் நான்கு பக்கங்களின் நடுவிலும் ஒவ்வோர் ஆணியைப் பாதி மட்டும் அடித்து, துணி நேராக உள்ளதா என்று பார்க்க வேண்டும். பின்பு நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி அடித்துச் செல்ல வேண்டும். மூலைகளைக் கடைசியில் மடிப்பு வைத்து முடித்தால் சுருக்கம் விழாது.

செலவை எங்கே குறைக்கலாம்? தும்பிலும் சாக்கிலும் குறைக்கலாம். ஆணியில் மட்டும் குறைக்கக் கூடாது. பித்தளை ஆணியோ, துத்தநாகம் பூசிய ஆணியோ விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் மலிவான இரும்பாணி துருப்பிடித்தால், நாம் செய்த வேலை முழுவதையும் மீண்டும் செய்ய நேரிடும். உறைக்குக் கெட்டியான கைத்தறித் துணி ஏற்றது.

முதல் முயற்சிக்குச் சோபா வேண்டாம். கழற்றி மாட்டக்கூடிய இருக்கையுள்ள ஒரு சிறு நாற்காலியே போதும். 'சுத்தியல் பிடிப்பது ஆண்களின் வேலை' என்று ஒதுங்க வேண்டியதில்லை, தோழியரே! அளந்து வெட்டவும், மடித்துத் தைக்கவும் கற்ற நமக்கு இதில் பாதி வேலை முன்பே தெரியும். மீதி, நான்கு ஆணி அடித்துப் பார்த்தால் வந்துவிடும்.