பழைய வண்டிக்கும் சட்டம் உண்டு: கிளச் பெயரிங் மாற்றப் போகும் முன்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் இலங்கை முழுவதும் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு மவுசு ஏறிவிட்டது. மட்டக்களப்பின் கல்லடியிலும் அப்பாவின் ஹொண்டா சி.டி.125-ஐத் தூசி தட்டி எடுத்தவர்கள் இருப்பார்கள். வண்டி ஓடும், ஆனால் கிளச் சத்தம் போடும். கராஜில் விட்டு, பெயரிங் மாற்றி, காசும் கொடுத்த சில கிழமைகளில் அதே சத்தம் திரும்பி வரும். அப்போது பெரும்பாலானவர்கள் சொல்வது, "பழைய வண்டிதானே, யாரைக் கேட்கிறது?" இந்த எண்ணம் தவறு. சட்டம் வண்டியின் வயதைக் கேட்பதில்லை, செய்த வேலையைத்தான் கேட்கிறது.

முதலில் நோயைச் சரியாகப் பார்க்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் விட்டு என்ஜினை ஓடவிடுங்கள். கிளச் பிடியை இழுக்கும்போது கீச்சலோ உறுமலோ தொடங்கினால், கிளச்சைத் தள்ளி விடுவிக்கும் இடத்திலுள்ள சிறிய பெயரிங் மீது சந்தேகம் கொள்ளலாம். கிளச் கூடை சுழலும் பெயரிங்கும் அப்போதுதான் வேலை செய்கிறது. அது தேய்ந்திருந்தால் கூடை ஆடும், கியர் கடினமாக விழும், நியூட்ரல் பிடிபடாது. மாறாக, பிடியை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, இழுத்தவுடன் நின்றால், கியர் பெட்டியின் பெயரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை நீங்களே செய்துவிட்டுப் போனால், தேவையில்லாமல் என்ஜின் முழுவதையும் கழற்றும் செலவு மிச்சமாகும்.

தேய்மானத்துக்கு வயது மட்டும் காரணமல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடிக் காற்றில் உப்பு எப்போதும் உண்டு. அதோடு வெள்ளம். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் மட்டக்களப்பு மாவட்டம் தண்ணீரில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறும். அந்த ஒயிலோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் பெயரிங் குண்டுகளில் துருப்புள்ளி விழும். துருப்பிடித்த பெயரிங்குக்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

"சத்தம்தானே, ஓடட்டும்" என்று விடுவது ஆபத்து. விடுவிக்கும் பெயரிங் உடைந்தால் பிடியை இழுத்தாலும் கிளச் விடாது. கல்லடிப் பாலத்து நெரிசலில் முன்னால் நிற்பவர் மீது வண்டி போய் மோதக்கூடும். சி.டி.125 போன்ற வண்டிகளில் என்ஜினுக்கும் கிளச்சுக்கும் கியருக்கும் ஒரே ஒயில்தான். உடைந்த பெயரிங்கின் இரும்புத் துகள் அதோடு சுற்றி மற்ற இடங்களையும் அரிக்கும். சிறிய செலவில் முடிந்திருக்க வேண்டிய வேலை அதற்குப் பிறகு முழு என்ஜின் வேலையாகிவிடும்.

பெயரிங் விஷயத்தில் ஏமாற்றுக்கு வசதியான ஒரு குழப்பம் இருக்கிறது. பெயரிங் இலக்கம் 6000 என்றால் உள்விட்டம் 10 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 26, தடிப்பு 8. 6001 என்றால் 12, 28, 8. உலகத்தில் எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது. ஆனால் இலக்கம் சொல்வது அளவைத்தான், தரத்தை அல்ல. பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியில் வரும் போலியும் அதே இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும், சில கிழமை ஓடவும் செய்யும். பெயரிங் செய்யும் எஸ்.கே.எஃப் நிறுவனம் போலியைக் கண்டறியக் கைபேசிச் செயலி வைத்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பலாம். பழைய பிரித்தானிய டிரையம்ப் 650 வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அதன் கிளச்சில் கால் அங்குல உருளைகள் 20 இருக்கும். தேய்ந்தவற்றோடு புதிய நாலைந்தைக் கலந்து போடுவது வேலையே அல்ல. முழுத் தொகுதியையும் மாற்றி, அவை உருளும் பரப்பையும் பார்க்க வேண்டும்.

இனிச் சட்டம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை வழங்கும் ஒவ்வொரு வியாபாரியும் இரண்டு உத்தரவாதங்களைத் தருகிறார், வாயால் சொல்லாவிட்டாலும். ஒன்று, வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும். மற்றது, அதற்குப் போட்ட பொருள் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்கும். உதிரிப்பாகக் கடையில் பற்றுச்சீட்டு கேட்டால் கடைக்காரர் தந்தே ஆக வேண்டும். முறைப்பாட்டை விற்பனை அல்லது சேவை நடந்த மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரித்த பின் இழப்பீடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்று உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு.

நம்மூர் மெக்கானிக்குகள் பெரும்பாலும் கைதேர்ந்தவர்கள். குறை அவர்கள் கையில் இல்லை, காகிதம் இல்லாததில் இருக்கிறது. ஆகவே என்ஜின் மூடியைப் பூட்டும் முன்பே பேசுங்கள். புதிய பெயரிங்கின் பெட்டியைப் படம் எடுங்கள். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பொருள். மதிப்பீட்டுத் தொகையைத் துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். பெயரிங்கை நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால் அதன் தரத்துக்குக் கராஜைப் பிடிக்க முடியாது, பொருத்திய வேலைக்கு மட்டும் பிடிக்கலாம். கராஜ்காரருக்கும் ஓர் உரிமை உண்டு: பேசிய கூலி கிடைக்கும்வரை வண்டியை வைத்திருக்கலாம். வண்டியை விடும்போதே என்ஜின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ஜினையே மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பெயரிங் மாற்றத்துக்கு அது தேவையில்லை.

வீட்டிலேயே கழற்றுபவர்களுக்கு: பழைய கிளச் தட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கக்கூடும். காற்றடித்துத் தூசி கிளப்பாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பாகங்களைப் பெற்றோலில் வெறும் கையால் கழுவ வேண்டாம். கழிவு ஒயிலை வாவிக்கோ கானுக்கோ ஊற்றாமல் போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுங்கள்.

சத்தம் திரும்பி வந்தால் முதலில் கராஜ்காரரிடமே போங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும். தீராவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்டு, முறைப்பாட்டை எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியோடு அதிகார சபைக்குக் கொடுங்கள். சட்டத்தரணி இல்லாமல் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபையும் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் பற்றுச்சீட்டையும் பழைய பெயரிங்கையும் மூன்று மாதம்வரை எறிந்துவிடாதீர்கள்.