'ஆகுரி' என்னும் பழஞ்சொல்

ரோமாபுரியின் சரித்திரம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது 'ஆகுரி' என்ற ஆங்கிலச் சொல் எதிர்ப்பட்டது. அகராதியைப் புரட்டினேன். குறி சொல்லுதல், வருவது உரைத்தல் என்று பொருள் கண்டிருந்தது. பழைய நூல்களிலன்றி அதிகமாக வழங்காத சொல்தானே என்று, 'சோதிடம்' எனப் போட்டுவிட்டு மேலே சென்றேன். நாலு பக்கம் தாண்டுவதற்குள் அந்தச் சொல் என்னைப் பழி வாங்கிவிட்டது.

அங்கே வந்த கதை இதுதான். கி.மு. 249-இல் ரோமானியரின் கப்பற்படை, சிசிலித் தீவின் டிரெப்பானா துறைமுகத்தில் கார்த்தேஜ் படையைத் தாக்கப் புறப்பட்டது. தலைமை வகித்தவன் பூப்லியஸ் கிளாடியஸ் புல்கர் என்னும் கான்சல். போருக்கு முன், கப்பலில் கூண்டோடு கொண்டு சென்றிருந்த கோழிகளுக்குத் தீனி போட்டார்கள். கோழிகள் தின்னவில்லை. தின்னாவிட்டால் தண்ணீராவது குடிக்கட்டும் என்று சொல்லி, அவற்றைக் கடலில் எறியச் செய்தான் தளபதி. போரில் 93 கப்பல்கள் பகைவர் கையில் சிக்கின. ஊர் திரும்பியவன்மேல் வழக்குத் தொடுத்து அபராதமும் விதித்தார்கள்.

சோதிடத்தைக் கேளாமற் போவது அசட்டுத் துணிச்சலாகலாம், குற்றமாகுமா? என் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த வழக்குக்குப் பொருளே இல்லை. பிழை என்னுடையது என்று உணர்ந்து, சொல்லின் வேரைத் தேடிப் போனேன்.

'ஆகர்' என்பவர் ரோமாபுரியில் அரசாங்கப் பதவி வகித்த ஒரு வகைப் புரோகிதர். நாளை என்ன நடக்கும் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. இந்தக் காரியத்தை இன்று செய்யலாமா, கூடாதா என்பதே கேள்வி. தெய்வத்தின் விடையும் ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான். அதுவும் அந்த ஒரு நாளுக்கே செல்லும். இன்று மறுக்கப்பட்டதை நாளைக்கு மறுபடியும் கேட்கலாம். தளபதி செய்த குற்றம் இப்போது விளங்குகிறதல்லவா? அவன் அநுமதியின்றிப் போருக்குப் போனவன்.

விடை கேட்கும் முறை வெகு நுணுக்கமானது. நுனி வளைந்த கோல் ஒன்றினால் ஆகர் வானத்திலும் நிலத்திலும் எல்லை வகுப்பார். அந்த எல்லைக்கு 'டெம்ப்ளம்' என்று பெயர். கோயிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்ததே. பறவைகளிலும் இரு சாதி உண்டு. கழுகும் பருந்தும் பறக்கும் விதத்தால் விடை சொல்லும். காக்கையும் ஆந்தையும் குரலால் சொல்லும். அண்டங்காக்கை வலப்புறம் கரைந்தால் நலம். சாதாரணக் காக்கையானால் இடப்புறம் கரைய வேண்டும்! ரோமாபுரியை நிறுவியதாகச் சொல்லப்படும் இரட்டையரில் ரீமஸ் 6 பிணந்தின்னிக் கழுகுகளைக் கண்டான் என்றும், ரோமுலஸ் 12 கண்டு வென்றான் என்றும் பழங்கதை கூறும். பறவைக்கும் நிமித்தத்திற்கும் 'புள்' என்ற ஒரே சொல்லை வழங்கிய தமிழருக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது.

அநுமதி தருகிற இடத்தில் அதிகாரமும் வந்து அமர்ந்துவிடுகிறது. கி.மு. 300 வரை உயர்குடியினர் மட்டுமே ஆகர் ஆகலாம் என்றிருந்தது. அந்த ஆண்டு இயற்றிய சட்டத்தால்தான் சாமானியருக்கும் வழி திறந்தது. குறி அநுகூலமாக இல்லையென்று ஆகர் அறிவித்தால் கூடியிருந்த சபை கலைய வேண்டியதுதான். கி.மு. 59-இல் சீசரோடு கான்சலாக இருந்த பிபுலஸ், சீசரின் சட்டங்களைத் தடுக்க வேறு வழியின்றி வீட்டுக்குள் அடைந்து, தாம் வானத்தைக் கவனித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியனுப்பியபடியே இருந்தார். வானத்தை ஒருவர் கவனிக்கும்போது சட்டம் செய்யலாகாது என்பது விதி. சீசர் விதியைப் பொருட்படுத்தவில்லை. அச்சட்டங்கள் செல்லுமா என்ற வாதம் பின்னரும் ஓயவில்லை. கோழிகளின் கதி இன்னும் பரிதாபம்! கூண்டில் பட்டினி போட்டு வைத்தால், தீனியைக் கண்டதும் அள்ளித் தின்னாமல் என்ன செய்யும்? இதை எடுத்துக் காட்டிக் கேலி செய்தவர் சிசரோ. அவரே ஆகர் பதவி வகித்தவர் என்பதுதான் வேடிக்கை. குறிகளை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் கி.மு. 44-இல் வெளிவந்தது.

ஆங்கிலத்துக்கு இச்சொல் வந்து சேர்ந்தபோது ரோமானியரின் தெய்வங்கள் இல்லை. கூண்டும் இல்லை, கோலும் இல்லை. அநுமதி கொடுப்பவர் மறைந்தபின் அநுமதி என்ற பொருள் எப்படி நிற்கும்? வருவதை முன்னறிவது என்ற பொருள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், வாட்போட்டிக்குப் போகுமுன் 'ஆகுரி'யைப் புறக்கணிப்பதாகச் சொல்லும்போது இந்தப் பொருளே. ஆயினும் கைரேகை பார்ப்பவரை ஆங்கிலேயர் 'ஆகர்' என்று அழைப்பதில்லை. சொல்லில் சற்றுப் பழைய மிடுக்கு ஒட்டியிருக்கிறது. வினைச்சொல்லாக மட்டும் பத்திரிகைகளில் இன்றும் உலவுகிறது: பருவத்தில் மழை பெய்தால் அது விளைச்சலுக்கு நன்றாக 'ஆகர்' செய்கிறது என்பார்கள்.

பழைய பொருள் அடியோடு போய்விடவுமில்லை. திறப்பு விழாவைக் குறிக்கும் 'இனாகுரேஷன்' ஆகர் குறி பார்த்துத் தொடங்கி வைத்த காரியம். ஒரு சங்கத்தின் ஆதரவில் விழா நடப்பதாக அழைப்பிதழில் அச்சிடுகிறோமே, அந்த 'ஆஸ்பிசஸ்' என்பது பறவை பார்த்தல்.

இனி என் கையெழுத்துப் பிரதிக்கு வருகிறேன். நம் ஊர்க் கோயில்களில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒன்றைக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுவார்கள். பெண்ணை அந்த இடத்தில் கொடுக்கலாமா, கிணறு தோண்டலாமா என்று சாமியைக் கேட்பது அது. அதற்குக் கிராமத்தார் வழங்கும் சொல் 'உத்தரவு கேட்பது'. அகராதியில் கிடைக்காதது அங்கே கிடைத்தது. 'சோதிடம்' என்பதை அடித்துவிட்டு, டிரெப்பானாக் கதையை இவ்வாறு திருத்தி எழுதினேன்: கோழிகள் உத்தரவு கொடுக்கவில்லை, தளபதி புறப்பட்டுவிட்டான்.