பதினாறரையில் திறந்து பத்தொன்பதரையில் மூடும் கதவு

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் சீமை, வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் உளுந்தும் மழையை நம்பி நிற்க, தீப்பெட்டி ஆலைக் கூலியே பல இல்லங்களில் அடுப்பை எரியச் செய்கிறது. இத்தகைய இல்லங்களில், பத்தாம் வகுப்பு தேறிய மகனை விரைவில் சம்பாத்தியத்திற்கு ஆளாக்கும் நோக்குடன் பாலிடெக்னிக்கில் சேர்ப்பது இயல்பு. அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும், இராணுவ அதிகாரியாக வேண்டும் என்ற ஆவல் அம்மகனின் உள்ளத்தில் இருக்குமாயின், அம்முடிவுக்கு முன் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உள.

அரசே செலவேற்கும் கல்வி

புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் அமைந்துள்ள தேசிய பாதுகாப்புக் கழகம் (என்.டி.ஏ.) மூன்றாண்டுப் பயிற்சியோடு பட்டமும் அளிக்கிறது. உணவு, உறைவிடம், நூல்கள், சீருடை, மருத்துவம் ஆகிய அனைத்தின் செலவையும் அரசே ஏற்கிறது. பெற்றோர் தர வேண்டியது கைச்செலவுப் பணமும் சில சிறு கட்டணங்களுமே; வருமானம் குறைந்தோருக்கு அதிலும் உதவி உண்டு. அடுத்து, இந்திய இராணுவக் கழகம் போன்ற நிலையங்களில் பயிலுங்கால், மாதம் ரூ. 56,100 உதவித்தொகை கிடைக்கிறது. ஏழைக் குடும்பத்திற்கு இதனினும் பெரிய கல்விக்கொடை ஏது?

இதில் நுழைய விதிகள் மூன்று: பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடைப்பட்டதாக இருத்தல், மணமாகாதிருத்தல், பன்னிரண்டாம் வகுப்பு அல்லது அதற்கு ஈடான தேர்வில் தேறியிருத்தல். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும்போதே விண்ணப்பிக்கலாம். தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவும் போதும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும்.

முன்கூட்டிய படிப்பால் பயன் உண்டா?

பாலிடெக்னிக் டிப்ளமோ பெற்றவன் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்கிறான். முன்னர்ப் படித்த படிப்பைக் கல்லூரி கணக்கில் கொள்கிறது, ஓராண்டு மிச்சமாகிறது. ஆனால் என்.டி.ஏ. அங்ஙனம் கணக்கிடுவதில்லை. ஓராண்டு கல்லூரியில் பயின்றவனாயினும், அங்கே முதற்பருவத்திலிருந்தே தொடங்க வேண்டும். அக்கழகம் நோக்குவது பிறந்த நாளையும் பள்ளி இறுதிச் சான்றிதழையுமே. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டகன்றவன் கையில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் இராது. டிப்ளமோ முடிக்கையில் அவனுக்கு ஏறக்குறைய 18 வயது. கதவு மூட எஞ்சியிருப்பது ஒன்றரை ஆண்டே.

எனவே நாம் கூறுவது இதுவே: என்.டி.ஏ.வை விரும்பும் பிள்ளை கணிதத்துடன் கூடிய பிரிவெடுத்துப் பிளஸ் டூ முடிக்கட்டும். அதன்பின் கல்லூரியில் சேர்ந்துவிட்டாலும் வயது கடக்கும்வரை தேர்வு எழுதத் தடையில்லை.

பட்டத்திற்குப் பின்னும் வழியுண்டு

பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோர் மனந்தளர வேண்டா. 15 வயதில் டிப்ளமோ தொடங்கி, பின் பொறியியலில் மூன்றாண்டு பயின்றால் 21 வயதில் பட்டம். பிளஸ் டூ வழியே சென்றாலும் அதே 21 தான். பட்டதாரிக்கு சி.டி.எஸ். தேர்வு உண்டு. என்.சி.சி. ‘சி’ சான்றிதழும் பட்டப்படிப்பில் 50 விழுக்காடும் பெற்றோர், 25 வயதிற்குள் எழுத்துத் தேர்வின்றியே நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பெறலாம். பொறியியற் பட்டதாரிகளுக்கான தனித்திட்டத்தில் 27 வயது வரை இடமுண்டு.

இவ்வழிகளுள் சில, அப்போஸ்தலர் தோமையாரின் நினைவு போற்றும் பரங்கிமலையிலேயே முடிகின்றன. அங்கு 1963 முதல் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இயங்கி வருகிறது. கல்லூரிப் படிப்பு முடித்து அங்கே பயின்று 2006-இல் அதிகாரியானவரே, 2014-இல் காஷ்மீரில் உயிர்நீத்து அசோகச் சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன்.

புதல்வியருக்கும் இப்பாதை திறந்துள்ளது. உச்ச நீதிமன்றத்தின் 2021 ஆணையால் 2022-இல் என்.டி.ஏ.வில் சேர்ந்த முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்தனர்.

பங்கு செய்யத்தக்கது

எழுத்துத் தேர்வு மொத்தம் 900 மதிப்பெண். கணிதத்திற்கு 300, பொதுத்திறனுக்கு 600. அந்த 600-இல் ஆங்கிலத்திற்கு மட்டும் 200. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருகிறது. தமிழ்வழியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இதுவே பெருந்தடை. உடல் வலிமைக்குக் குறைவில்லை. ஹாக்கிக்குப் பேர்போன ஊர் கோவில்பட்டி. ஒவ்வொரு பங்கிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மாலையில் ஒரு மணி நேரம் ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்க முன்வந்தால், எத்தனை வீடுகளில் விளக்கேறும்!

கப்பர்நாகூமின் நூற்றுவர் தலைவனிடம் ஆண்டவர் கண்ட நம்பிக்கையை நாம் அறிவோம். படைத்துறையும் இறைவன் அழைக்கும் இடமாகலாம். அவ்வழைப்புக்குச் செவிமடுக்க விழையும் பிள்ளை, அறியாமையால் வாசலை இழந்துவிடாதிருக்கட்டும். பத்தாம் வகுப்பு முடிவு வெளிவரும் முன்னரே, பெற்றோரே, பிள்ளையை அருகே அமர்த்தி, அவன் விருப்பத்தைக் கேளுங்கள். பின்னர் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.